மலை இடப்பக்கம்

வேங்கிக்கால் ஆட்டோ ஸ்டாண்டில் குமரேசனைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் தப்பியதில்லை. நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அன்று அவரை மாட்டிவிட்டதும் அந்த வாய்தான்.

மகள் வினோதினி குரூப் ஃபோர் பரீட்சையில் இரண்டாவது முறையும் தேறவில்லை. சரியாகத் தூங்காமல் ஒரு வருஷம் படித்த பெண். இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "ஊர் மூஞ்சில நான் எப்டிம்மா முழிப்பேன்? பொண்ணு கெவருமெண்ட் வேலைக்குப் போவப்போறானு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அவளுடைய போன் கட்டிலில் கிடந்தது. செருப்பு வாசலில் இருந்தது. அவள் இல்லை. அக்கம்பக்கத்தில் தேடிவிட்டு வந்த மனைவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

குமரேசனுக்குக் கைகால் ஓடவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், ஊருக்குத் தெரிந்துவிடுமே! அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது, என்னத்தைச் சொல்ல. அப்போது அதே ஸ்டாண்டைச் சேர்ந்த இருசப்பன் போன் செய்தான்.

"அண்ணே, பாப்பா குபேர லிங்கத்தாண்ட போவுது. வெறுங்கால். ஆனா எதிர்த்தாப்புல போவுதுண்ணே."

இந்த ஊரில் அது போதும். கிரிவலம் வருகிறவர்கள் வெறுங்காலோடு மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். சொந்த வேலையாகப் போகிறவர்கள் எந்தப் பக்கமும் போவார்கள், ஆனால் காலில் செருப்பு இருக்கும். செருப்பும் இல்லாமல் மலையை இடப்பக்கம் வைத்து ஒரு பிள்ளை நடந்தால், அதன் மனசு சரியில்லை என்று பாதையில் கடை போட்டிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பயப்படாதண்ணே. ஜோதியம்மாக்கா கூட நடக்குது. நீ மெதுவா வா" என்றான் இருசப்பன்.

நெரிசலில் மாட்டி, குமரேசன் வண்டியில் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிவிட்டது. எலுமிச்சை ஜூஸ் விற்கும் ஜோதியம்மாள் அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தாள். "இப்பதான் பூக்காரிகிட்ட விட்டுட்டு வந்தேன்" என்றாள். பூக்காரியோ, "அந்த வளைவு வரைக்கும் போனேன். அங்கிருந்து வெள்ளரிக்கா விக்கிற மண்ணாங்கட்டி கூடப் போறாரு" என்றாள்.

"அவகிட்ட இன்னா கேட்டீங்க?"

"இன்னாத்த கேக்கறது? வெயிலாச்சேனு சொன்னேன். அவ்ளோதான்."

குமரேசனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. மூன்று கிலோமீட்டர்! ஒருவர் மாற்றி ஒருவர் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவள் ஓர் அடிகூடத் தனியாக நடக்கவில்லை. எந்த ஊருக்குப் பயந்து மகளை வாட்டினாரோ, அந்த ஊர் அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்திருக்கிறது. அம்மாடி, இத்தனை வருஷம் இவர்கள் நடுவில் வண்டி ஓட்டியும் இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வாயு லிங்கத்துக்குச் சற்று முன்னால் அவளைக் கண்டார். மண்ணாங்கட்டியின் துண்டு அவள் தலையில் இருந்தது. அவர் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் வினோதினி நின்றுவிட்டாள்.

'திரும்பு, வீட்டுக்குப் போலாம்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குமரேசன் அதை விழுங்கினார். செருப்பைக் கழற்றி ஆட்டோவுக்குள் போட்டார்.

"எம்மாந் தூரம்மா போவணும்?"

"தெரியலப்பா."

"சரி, வா. நடக்கலாம்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, வெறுங்காலோடு நடந்த அவருக்கு மலை இடப்பக்கம் இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒவ்வொருவர் மூஞ்சியிலும் நன்றாக முழித்துக்கொண்டே நடந்தார்.