கண்ணில் கோளாறு இல்லை

என் கண்கள் இரண்டும் நன்றாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஊர் திரும்புவது என்ற முடிவோடு அன்று காலையில் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருந்தேன். கண்ணாடி வந்தால் எழுத்து வந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எழுத்து வராவிட்டாலும் கண்ணாடியாவது வருமே என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் அதுவரை கண்ணாடி போட்டிருந்தவர் பள்ளிக்கூடத்துப் பெரிய சார் ஒருவர்தான்.

ஊர், புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம். அப்பாவுக்கு மழையை நம்பிய, வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் போடுவார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வயது பத்து. நாலாம் வகுப்பில் இரண்டாவது வருடமாக உட்கார்ந்திருந்தேன்.

மற்றப் பிள்ளைகளிடம் அடங்கி நின்ற எழுத்துகள் என்னிடம் மட்டும் சேட்டை செய்தன. ‘ப’ என்று பார்த்து வைத்தது திரும்பப் பார்த்தால் ‘ம’வாக நிற்கும். கொம்பு முன்னால் போகிறதா, கால் பின்னால் வருகிறதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே வகுப்பு அடுத்த வரிக்குப் போயிருக்கும். ஆனால் காதால் கேட்ட பாடம் மட்டும் அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, முந்திய நாள் கேட்டதைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். கொஞ்ச காலம் இது நன்றாகவே ஓடியது. ஒருநாள் நரியின் படம் போட்ட பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மழைப் பாடத்தை வாசித்தேன். வகுப்பே சிரித்தது. பெரிய சார் சிரிக்கவில்லை. ஏமாற்றுக்காரி என்று சொல்லிப் பிரம்பை எடுத்தார்.

அடி வாங்கி வந்த நாட்களில் அம்மா என் உள்ளங்கையில் எண்ணெய் தடவுவாள். அப்பா அதைப் பார்த்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். என் படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் இல்லை. பெண்பிள்ளைதானே என்று அவருக்கு அக்கறை இல்லை என்றாள் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடமும் தேறாவிட்டால் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று பெரிய சார் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அப்பாவின் அக்காவான அத்தை அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். விடியுமுன்னே பக்கத்து ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி.

“எழுத்து ஏறாத பிள்ளைய எத்தன வருசம் பள்ளிக்கூடத்துல ஒக்கார வைப்ப? தீக்குச்சி அடுக்கப் போனாலாவது கை பழகும்” என்றாள் அத்தை.

அம்மா வேறு வழி தேடினாள். கோவில்பட்டியில் ஒரு சர்ச் வளாகத்தில் இலவசக் கண் முகாம் நடப்பதாகப் பக்கத்து வீட்டில் கேள்விப்பட்டு வந்து, “பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியலயோ என்னமோ, கூட்டிட்டுப் போவோம்” என்று அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

முகாமில் என்னைத் தவிர எல்லோரும் வயதானவர்கள். கண்புரை எடுக்க வந்தவர்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. என் முறை வந்ததும் நர்ஸ் ஒருத்தி சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னாள். மேலே இருந்த ஆகப் பெரிய எழுத்தையே நான் தப்பாகச் சொன்னேன். அடுத்த வரியில் ஒன்றுகூடச் சரியில்லை. நர்ஸ் உள்ளே போய், ஒரு பிள்ளைக்குப் பார்வை ரொம்ப மோசம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. கண்ணாடி நிச்சயம்.

டாக்டரம்மா வெளியே வந்தார். நரைத்த கொண்டை, சன்னக் கரைச் சேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று வைத்திருந்த இன்னொரு அட்டையை மாட்டச் சொன்னார். அதில் எழுத்து கிடையாது. மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரே குறி, பெரிதிலிருந்து சிறிதாகப் பல வரிசைகளில் இருக்கும். பல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான் கடைசி வரிசை வரைக்கும் காட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். வரிசையில் முன்னால் நின்ற தாத்தாக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டார். மருமகள் ஊற்றிய தண்ணிக் குழம்பிலிருந்து எப்போதும்வென்றான் ஊரில் விழுந்த ஒற்றை மழை வரைக்கும், அவர்கள் பேசினபடியே சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டார்.

“கண்ணுல கோளாறு இல்லை. அறிவுலயும் இல்லை. கண் பார்த்த எழுத்து உள்ளே போய்ச் சேரும்போது தடுமாறுது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலயே இப்படி இருக்கும். அடிச்சா இன்னும் குழம்பும்.”

“மருந்து இருக்காம்மா?” என்று அம்மா கேட்டாள்.

“மருந்து பள்ளிக்கூடத்துலதான் இருக்கு. கேள்வியை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. வாயால பதில் சொல்லட்டும். எழுத்தைப் பெரிசா, ஒவ்வொண்ணா, விரலால எழுதிப் பழக்கணும். அவசரப்படுத்தக் கூடாது.”

அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயரும் சொன்னார். எங்கள் யார் நாவிலும் அது நிற்கவில்லை. டிஸ்லெக்சியா என்ற சொல்லைப் பிறகு நான் கேள்விப்பட்டபோது எனக்கே கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கண்ணாடி இல்லை என்று புரிந்ததும் நான் அழத் தொடங்கியது அப்போதுதான். என் அழுகைக்கு நடுவே டாக்டரம்மா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினாள். அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“எந் தம்பிக்கு இருந்துச்சும்மா.”

“அவர் இப்ப என்ன பண்றார்?”

“தெரியலம்மா” என்றார் அப்பா.

எனக்கு ஒரு சித்தப்பா இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அழுகை நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏறியதும், “அந்தச் சித்தப்பா எங்கப்பா இருக்காக?” என்று கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா எழுந்து போய் முன்னால் காலியாகக் கிடந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஊர் வரும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். கல்யாண வீட்டுக்கோ துக்க வீட்டுக்கோதான் அதைக் கட்டுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

பெரிய சார் கெட்டவர் இல்லை. ஐந்து வகுப்புக்கு அவரும் ஒரு டீச்சரும்தான். அப்பா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக்டர் சீட்டு எதுவும் குடுத்தாகளா?” என்றார்.

“சீட்டு இல்ல சார். அவிய சொன்ன சொல்லத்தான் கொண்டாந்திருக்கேன்.”

“இத்தன பிள்ளைகளுக்கு நடுவுல ஒண்ணுக்கு மட்டும் எப்படித் தனியாப் பரீட்சை வைக்க முடியும்? நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாக.”

“வலது கை ஒடிஞ்ச பிள்ளைன்னா எழுதச் சொல்ல மாட்டீகல்ல சார். எம் பிள்ளைக்கு ஒடிஞ்சது வெளியே தெரியல, அவ்வளவுதான்.”

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெரிய சார் மேஜைமேல் இருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். ஒத்துக்கொள்கிற முகமாக இல்லை. அப்போது அப்பா இன்னும் ஒன்று சொன்னார்.

“ஒரு பிள்ளைய அடிச்சு வெரட்டியாச்சு சார். இன்னொண்ணையும் வெரட்ட முடியாது.”

சாருக்குச் சுருக்கென்றது. “இந்தப் பள்ளிக்கூடத்துல யாரையும் வெரட்டினது கிடையாதுய்யா.”

“பள்ளிக்கூடத்துல இல்ல சார். எங்க வீட்டுல” என்றார் அப்பா.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நானும் என் தம்பியும்தான். தம்பி அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். யாரை எப்போது விரட்டினார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெரிய சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, நான் கேட்டேயிராத ஒரு பாடத்தை வாசித்தார். முடித்துவிட்டு, “சொல்லு” என்றார். சொன்னேன். கணக்கு ஒன்றை வாசித்தார். விடை சொன்னேன். இன்னும் ஒரு பாடம் வாசித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடித்தும் உடனே போட்டுக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு மழைப் பாடத்த முழுசாத்தான் சொன்னா. நாந்தான்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டு, அடுத்த அறையிலிருந்த டீச்சரைக் கூப்பிட்டார்.

டீச்சர் கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். சின்ன வயது. இந்த மாதிரிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அவரும் எங்கேயும் படித்தவர் இல்லை. டாக்டரம்மா சொன்னதாக அப்பா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். மழைக்காலம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஈரக் கரிசல் மாவு மாதிரிக் கிடந்தது. அதில் முழங்கை நீளத்துக்கு ஓர் எழுத்தை எழுதி, அதன் மேலேயே என் விரலை நடத்துவார். ஒரு எழுத்து பிடிபடும் வரைக்கும் அடுத்ததற்குப் போக மாட்டார். ‘ப’வுக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. என் விரலெல்லாம் கறுத்துப்போய், வீட்டில் சோறு தின்னும்போது அம்மா சத்தம் போடுவாள். போட்டுவிட்டு, இன்று என்ன எழுத்து என்று கேட்பாள்.

வகுப்பில் எனக்கு மட்டும் கேள்வியை வாசித்துக் காட்டுவது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர் வாசிக்கீக?” என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவளையே என் பக்கத்தில் உட்காரவைத்து, இனி நீதான் வாசிக்கணும் என்று சொல்லிவிட்டார் டீச்சர். அவள் ஆரம்பத்தில் வேண்டுமென்றே விழுங்கி விழுங்கி வாசித்தாள். பிறகு, தனக்கு மறந்துபோனதை என்னிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தபின் தெளிவாக வாசிக்கத் தொடங்கினாள். இருவருக்கும் லாபம்.

முழுப் பரீட்சையை வராந்தாவில் வைத்து வாயால் சொல்லித் தேறினேன். முதல் மாணவியாகவெல்லாம் வரவில்லை. தமிழில் ஒரு பக்கம் நானே எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அதில் பாதி தப்பு. தப்புக்குக் கீழே கோடு மட்டும் போட்டிருந்தார். எழுத்து என்னிடம் முழுதாக அடங்க இன்னும் பல வருடங்கள் ஆயின. இப்போதும் அவசரத்தில் ஒரு சீட்டு எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆனால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் நான் ஏறவில்லை. அத்தை அதைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை.

சித்தப்பாவின் கதையை அம்மா எனக்குச் சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகு. தாத்தா சீக்கிரமே இறந்துபோனதால் தம்பியை வளர்த்தது அப்பாதான். தான் படிக்காததைத் தம்பி படிக்க வேண்டும் என்று அவருக்கு வெறி. எழுத்து வரவில்லை என்று அந்தக் காலத்துச் சார் அடித்தது போதாதென்று, வீட்டில் தொழுவத்துத் தூணில் கட்டிவைத்து இவரும் அடித்திருக்கிறார். சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று ஊரே சொன்னது. இவரும் அதை நம்பினார். முகாமுக்குப் போனபோது எனக்கிருந்ததைவிடக் கொஞ்சம் மூத்த வயதில், ஒருநாள் அவன் ஓடிப்போய், கயிறு மட்டும் தூணில் கிடந்தது. எங்கெங்கோ தேடினார்கள். பிறகு வீட்டில் அவன் பேரை எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாத, பரீட்சை முடிந்த அந்தக் கோடையில், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். பம்பாயில் கடை வைத்திருப்பவர் அவர். எங்கள் ஊர்ச் சாயலில், அப்பாவின் முகவெட்டில் ஒருவனை அங்கே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். கோவில்பட்டியைத் தாண்டி அதிகம் போயிராத அப்பா, பருத்தி எடுத்து முடிந்ததும் பம்பாய்க்கு ரயிலேறினார். ஏதோ வேலை சோலியாகப் போகிறார் என்று அம்மா எங்களிடம் சொன்னாள். நான் பாஸானதற்குப் பூப்போட்ட கவுன் வாங்கத்தான் போகிறார் என்று நானாகவே முடிவு செய்து, வாசித்துக் காட்டும் சிநேகிதியிடம் அதன் நிறம் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தார். வாசலில் நின்றுகொண்டு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அம்மா அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அப்பாவின் பையை வாங்கி, உதறி, உள்ளே கைவிட்டுத் தேடினேன். பழைய வேட்டியும் துண்டும்தான்.

“ஏம்ப்பா, அம்புட்டுத் தூரம் போயிட்டு வெறுங்கையோடவா வந்தீக?” என்று கேட்டேன்.

“ஆமா தாயி. வெறுங்கையோடதான் வந்திருக்கேன்” என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு கவுனுக்காக இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பம்பாய் போய் வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கு மட்டும் என்ன வந்தது என்ற கோபத்தில், பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.