பிஸ்கட் பேணிக்குள் இருந்த ஊர்கள்

மாமா ஜோர்தானிலிருந்து வந்து பெட்டியைத் திறந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரேயடியாக ஏமாந்துபோனோம். கல்முனையில் வெளிநாட்டுப் பெட்டி திறப்பது ஒரு சின்னப் பெருநாள் மாதிரி. அயல்வீட்டுப் பெண்கள் சீனி கேட்க வந்தவர்கள் போல வந்து, சீனியைக் கேட்காமலே நின்றுகொண்டிருந்தார்கள். போர்வை வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, எனக்கொரு கைக்கடிகாரம் வந்தது. கடைசியாக, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பிஸ்கட் பேணியை இரண்டு கைகளாலும் தூக்கி எடுத்தார். அதன் பாரத்தைக் கண்டதும் உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தங்கப் பவுண் என்று நினைத்திருப்பார். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை பிடித்த, விளிம்பு தேய்ந்த பழங்காலச் செப்புச் சல்லிகள், வெறும் நாணயங்கள்.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. பெற்றோர் இல்லாமற் போன பிறகு உம்மாதான் அவரை வளர்த்தார். ஜோர்தானின் அம்மான் நகரத்தில் ஒரு பேக்கரியில் பல வருடங்கள் மாப் பிசைந்துவிட்டு, முதுகு நோவோடு திரும்பியிருந்தார். அவருக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம், பெட்டிக்குள் என்ன இருந்தது என்ற செய்தி பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மெல்ல நின்றுபோனது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் வீட்டு முன்னறை அவருடையதாயிற்று.

பகலில் வாப்பாவின் அரிசிக் கடையில் நிற்பார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தாரென்றால் சல்லிகளோடு உட்கார்ந்துவிடுவார். கார் பெட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைப் போத்தலில் வாங்கி வந்து, தயிர்க் கோப்பையில் ஊற்றி, ஒரு சல்லியை அதற்குள் கிடத்தி நாட்கணக்காக ஊற வைப்பார். ஊறியதை எடுத்து, தேசிக்காய் மரத்து முள்ளால் அழுக்கைச் சுரண்டுவார். பச்சைக்குள்ளிருந்து ஒரு மூக்கு தெரியவே ஒரு வாரம் போகும். மூக்குத் தெரிந்த அன்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். எல்லோரும் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் போகமாட்டேன்.

உரோமாபுரி ராஜாக்கள் பாதி உலகத்தை ஆண்ட காலத்தில், அவர்களுக்குக் கீழிருந்த ஊர்களும் தங்களுக்கென்று சல்லி அடித்துக்கொண்டன என்று மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பக்கம், எங்கோ தூரத்திலிருக்கும் ராஜாவின் தலை. மறுபக்கம் அந்த ஊருக்கே சொந்தமான ஏதாவது ஒன்று. அதன் கோயிலோ, ஆறோ, அந்த ஊரைக் காக்கிற பெண்ணோ. மாமா சேர்த்தது அந்த ஊர்ச் சல்லிகளை. அம்மானில் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த சாவிகளோடும் உடைந்த கரண்டிகளோடும் நிலத்தில் கொட்டி வைத்திருப்பார்களாம். நாட்டை விட்டுக் கொண்டுவரக் கூடாத பொருட்கள் அவை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை.

ஊரைக் காக்கிற பெண்ணின் தலையில் ஏதோ கட்டடம் மாதிரி இருந்தது.

"தலையில என்ன மாமா, தொப்பியா?"

"இல்ல மகள், மதில். ஊரைச் சுத்தி இருக்கிற மதிலையே முடியாப் போட்டிருக்கா."

"எங்கட ஊருக்கு?"

"எங்கட ஊருக்கு மதில் இல்ல. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல். அவ்வளவுதான்."

உம்மாவுக்கு அந்தப் பெண்கள் பெரிய உபத்திரவமாக இருந்தார்கள். உருவம் இருக்கிற வீட்டுக்கு அல்லாஹ்வின் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார். "உங்கட பேர்சுக்குள்ள இருக்கிற காசு நோட்டுல ஆடுற ஆக்கள்ற உருவம் இருக்கே ராத்தா, அதை மலக்குமார் காணாத மாதிரிப் போவாங்களா?" என்று மாமா கேட்பார். இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். கறியில் உப்புக் கூடினாலும் பிடிப்பார்கள், குறைந்தாலும் பிடிப்பார்கள். பிடித்துவிட்டு ஒரே சஹன் தட்டில் சாப்பிடுவார்கள்.

ஒவ்வொரு சல்லியையும் மாமா ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி, மேலே ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். ஜெரஷ், பொஸ்ரா, அந்தாக்கியா, டமஸ்கஸ், காஸா. காஸா மட்டும் சந்தையில் வாங்கியதல்ல. அவரோடு பேக்கரியில் வேலை செய்த ஒரு வயதாளி கொடுத்தது. அந்த மனிதரின் குடும்பம் காஸாவிலிருந்து வந்தது. அவர் தன் ஊரைக் கண்ணால் கண்டதே இல்லையாம். மாமா நாடு திரும்பிய அன்று அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டிருக்கிறார். நான் போகமுடியாத ஊர், நீ கொண்டுபோய் வை என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் மாமா என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

பிறகு அந்த வருடம் வந்தது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம். எங்கள் கரையோரத்திலும் வெடித்தது. அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டுச் சுவர் கேட்டது. பிறகு ஊரடங்கு. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால், பிறகு எங்கள் ஊர்களில் வீடு வீடாக ஆமியின் சோதனை. எங்கள் ஆட்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே முதலில் சோதனை போட்டார்கள். அரபு எழுத்து இருந்த கலண்டர்களைக் கழற்றினார்கள். ஆமி உடுப்பு மாதிரித் தெரிந்த பச்சை நிறக் காற்சட்டைகளை எரித்தார்கள். வயலுக்குக் கொண்டுபோகும் கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நின்றதை நான் கண்டேன்.

வாப்பா மாமாவின் அறைக்குள் வந்து பேணியைத் திறந்து பார்த்தார். வாப்பா சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் இல்லை. அன்றும் போடவில்லை.

"மச்சான், இதை ஆராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க? எங்க வாங்கின, ஆருட்ட வாங்கின, ரிசீட் இருக்கா?"

"சல்லியப் பார்த்தா சல்லி எண்டு தெரியாதா மச்சான்?"

"டமஸ்கஸ் எண்டு எழுதியிருக்கி. காஸா எண்டு எழுதியிருக்கி. நம்மட ஆக்கள்ற வீட்டுல இருந்து இதை எடுத்தா, டீவில எப்பிடிக் காட்டுவாங்க எண்டு யோசிங்க."

மாமா யோசித்தார். பிறகு கடதாசிகளையெல்லாம் பிரித்து எடுத்து, அடுப்படியில் கொண்டுபோய் எரித்தார். ஊர்கள் பெயரில்லாமல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அப்படியும் வாப்பா சமாதானமாகவில்லை. அப்போது மாமா, நானே இதை ஆமிக் கேம்புக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழும்பினார். உம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனா வருவியா?"

மாமா உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் எடுத்தார்கள். வாப்பாவும் மாமாவும் கடையைப் பார்த்துவரப் போனார்கள். நான் விறாந்தையில் இருந்தேன். பின்புறம் மலசலகூடத்தில் வாளியால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. உம்மா இன்றைக்கு என்ன இவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது உடுப்பின் கரை நனைந்திருந்தது, முகமும் நனைந்திருந்தது. கையில் வெறும் பேணி. நேராகத் தையல் மெஷின் லாச்சியைத் திறந்து நூல்கட்டைகளையும் பொத்தான்களையும் அதற்குள் அள்ளிப் போட்டார். அவசரத்தில் சிதறிய பொத்தான்கள் சீமெந்துத் தரையெங்கும் ஓடின. அவற்றையும் பொறுக்கிப் போட்டு, பேணியை மாமாவின் அறையில் பழைய இடத்திலேயே வைத்தார்.

மாமா வந்தார். அறைக்குள் போனார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூடும் சத்தமும் கேட்டது. நான் கதவோரம் போய் நின்றேன். அவர் பேணியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற உம்மாவைப் பார்த்தார்.

"காஸாவுமா ராத்தா?"

"இந்தப் புள்ளையும் நீயும் இந்த வீட்டுல இருக்கோணும் தம்பி. எனக்கு வேற ஒண்டும் வேணாம்" என்றார் உம்மா.

மறுநாள் காலையில் ஆமிக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி வயதில் சின்னவர். சப்பாத்தைக் கழற்றவேண்டுமா என்று வாசலில் நின்று சைகையால் கேட்டார். வாப்பா வேண்டாம் என்று பதறினார். அலுமாரியைப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். பேணியை ஒருவர் திறந்தார். பொத்தான்களைக் கண்டதும் சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் அப்படியொரு பேணி இருந்திருக்கும்.

மாமாவின் ஜன்னல் விளிம்பில் தயிர்க் கோப்பை இருந்தது. பெட்டரித் தண்ணீருக்குள் ஒரே ஒரு சல்லி ஊறிக்கொண்டிருந்தது. உம்மா அதை மறந்துபோயிருந்தார். அதிகாரி குனிந்து பார்த்தார். வாப்பாவின் உதடு கலிமா சொல்லிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதிகாரி சல்லியை இரு விரல்களால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். மாமாவும் சிங்களத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பிறகு அதிகாரி சல்லியைத் திரும்பக் கோப்பைக்குள், தண்ணீர் தெறிக்காமல், மெதுவாக விட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னான்?" என்று உம்மா கேட்டார்.

வாப்பாதான் சொன்னார். அந்த அதிகாரிப் பையனின் தகப்பனும் பழைய சல்லி சேர்க்கிறவராம். இப்படியொன்றை அவர் கண்டிருக்கவே மாட்டாராம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றானாம்.

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா கோப்பையை எடுத்துக்கொண்டு பின்புறம் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒருமுறை கேட்டது. திரும்பி வந்து, கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குசினியில் கவிழ்த்து வைத்தார்.

"அதை ஏன்டா போட்டாய்? வெச்சிருக்கச் சொல்லிட்டுத்தானே போறாங்க!" உம்மா கத்தினார்.

"அது தனியக் கிடந்து என்ன செய்யுற ராத்தா. மத்ததுகளோட இருக்கட்டும்."

இரண்டு வாரம் கழித்து வாப்பா ஒரு யோசனை சொன்னார். மாநகரசபையின் கலி பவுசரை, கழிவு உறிஞ்சுகிற அந்த லொறியை, பிடித்து மலக்குழியை உறிஞ்சச் சொல்லலாம், ஆள் வைத்து அரித்தும் பார்க்கலாம் என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. மாமா சிரித்தார். "வேணாம் மச்சான். அதுகள் எல்லாம் மண்ணுக்குள்ள கிடந்து வந்ததுதானே. இன்னும் ரெண்டாயிரம் வருசத்துல ஆராவது தோண்டுவாங்க. உரோமாபுரி ராஜா கல்முனைக்கு வந்திருக்காரு எண்டு எழுதி வைப்பாங்க" என்றார். வாப்பாவும் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

அதன்பின் மாமா மிக நல்லவராகிவிட்டார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கறியைக் குறை சொல்லவில்லை. உப்புக் கூடினாலும், குறைந்தாலும், நல்லா இருக்கு ராத்தா என்பார். தன் கோப்பையைத் தானே கழுவுவார். உம்மா வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் மீன் ஆணம் வைத்தார். அதையும் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். உம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வருடம் முடியுமுன் மாமா மறுபடி வெளிநாட்டுக்கு விசா எடுத்தார். ஜோர்தானுக்கு இல்லை, பாலைவனத்துக்கு நடுவில் ஏதோ வீதி போடுகிற வேலை. அந்த முதுகோடு அதற்கு எப்படிப் போவாய் என்று வாப்பா கேட்டதற்கு, பழகிவிடும் என்றார். கொழும்பு பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். உம்மா சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு, கையை விடாமல் நின்றார். ஏதாவது சொல்லு, ஏசிவிட்டாவது போ என்று கேட்டார்.

மாமா குனிந்து, மிக அன்பாகத்தான் சொன்னார்.

"எனக்கு உங்களில கோவமே இல்ல ராத்தா. அல்லாஹ்வுக்காகச் சொல்லுறன்."

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போல இருந்தது. அவ்வளவு மாதமும் வீட்டுக்குள் கிடந்த ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உம்மாவோ, பஸ்ஸிலிருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி அழத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. "கோவம் இல்லையாம் உம்மா, மாமா கோவம் இல்லையாம்" என்று அவருடைய அபாயாவைப் பிடித்து இழுத்தேன்.

மாமா திரும்பி வரவேயில்லை. முதலில் பெருநாளைக்குப் பெருநாள் கதைத்தார், சுகம் விசாரித்தார், எல்லோருக்கும் சலாம் சொன்னார். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. போன இடத்தில் கேட்டுப் பார்த்தோம். வேறு கம்பனிக்கு மாறிப் போய்விட்டார் என்றார்கள், எந்தக் கம்பனி என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை பிடிப்பதற்காகக்கூட அவர் இனி அந்த வாசலுக்கு வரமாட்டார் என்பது உம்மாவுக்கு அன்றைக்கே, அந்த ஒரு வசனத்திலேயே விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்ட சந்தோசத்தில், பஸ் வளைவில் மறையும் வரை நான் சிரித்துச் சிரித்துக் கை காட்டிக்கொண்டிருந்தேன்.