தலையில் கை வைத்த கரடி

நெட்டையன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுவதே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் காலர் கழுத்தை இறுக்கிக்கொண்டுதான் இருக்கும். "என்னப்பா, எப்பப் பார்த்தாலும் பொண்ணு பார்க்கப் போற மாதிரி?" என்று கேலி செய்கிறவர்களிடம் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ரொம்பவும் நோண்டினால் பொத்தானைக் கழற்றிக் காட்டுவான். பார்த்தவர்கள் யாரும் மறுபடி கேலி செய்ததில்லை.

இதைப் படித்துவிட்டு 'நல்ல கற்பனை' என்று சொல்லப்போகிறவர்கள் அந்தக் கழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இது ராத்திரியில் நடந்ததில்லை. சுடுகாட்டில் நடந்ததில்லை. பட்டப்பகலில், பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு நட்டநடுவில் நடந்தது.

நெட்டையன் வேலை பார்ப்பது அக்காவும் அத்தானும் நடத்துகிற சின்ன ஸ்டுடியோவில். அத்தான் படம் எடுப்பார். அக்கா வாடிக்கையாளர்களைச் சமாளிப்பாள், கூடவே அத்தானையும். நெட்டையனுக்குப் பழைய படங்களைச் சரிசெய்கிற வேலை. ஸ்கேனரில் வைத்து எடுத்து, கீறலை மறைத்து, பூஞ்சை தின்ற கன்னத்துக்குக் கன்னம் வைத்து, வெளுத்துப்போன வானத்துக்கு நீலம் கொடுப்பான்.

ஊருக்கு வெளியே இருந்த தீம் பார்க்குக்கு அந்த வருடம் ஐம்பது வயது. 'எங்கள் பூங்காவில் நீங்கள் எடுத்த பழைய படங்களைத் தாருங்கள், பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறோம்' என்று பார்க் மேனேஜர் அறிவித்திருந்தார். வீட்டு ஆல்பங்களிலிருந்து பிய்த்தெடுத்த படங்கள் பெட்டி பெட்டியாக வந்து குவிந்தன. சரிசெய்கிற வேலை இவர்களுக்குக் கிடைத்தது.

பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வெள்ளை ஓரம் வைத்த சதுரப் படங்கள். ஓரத்தில் மாதமும் வருடமும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. தரையைப் பெருக்கும் கால்சட்டையில் அப்பாக்கள். புகை விடும் பொம்மை ரயில். பாதி வர்ணம் அடித்த ராட்டினம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற குழந்தைகள்.

அப்புறம், கரடி.

பழுப்பு நிறக் கரடி வேஷம். இரண்டு கையையும் தலையின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு நிற்கும். சுற்றி நிற்கிற குழந்தைகளும் அதேபோலத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பார்க்கின் சின்னமே அதுதான். டிக்கெட்டில், தொப்பியில், வாசல் வளைவில் எல்லாம் அந்தக் கரடி அப்படித்தான் நிற்கும்.

"கரடிக்கு என்னடா கஷ்டம்?" என்றாள் அக்கா, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கஷ்டம் இல்லக்கா. அது ஸ்டைலு."

"தலையில கை வெச்சிட்டு நிக்கிறது ஸ்டைலா? நம்ம அம்மா வர்றாங்கன்னா உங்க அத்தான் இப்படித்தான் நிப்பாரு."

"காதுல விழுந்துச்சு," என்றார் உள்ளே இருந்து அத்தான்.

சிரித்தார்கள். ஆனால் நெட்டையனுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. படங்கள் வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவை. வேறு வேறு வருடம். கால்சட்டைகள் அகலமாகிக் குறுகிவிட்டன. ரயிலுக்கு வர்ணம் மாறிவிட்டது. பின்னாலிருந்த கன்று மரமாகிவிட்டது. கரடி மட்டும் மாறவில்லை. அதே இடது காதில் அதே கிழிசல். ரோமத்தில் அதே திட்டு. இருபது வருடம் ஒரே துணி தாங்குமா?

ஒரு படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

"அக்கா... கட்டைவிரலைக் காணோம்."

நான்கு விரல்கள் கன்னத்தில் இருந்தன. கட்டைவிரல் இரண்டும் தாடைக்குக் கீழே, ரோமத்துக்குள் புதைந்திருந்தன. தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இல்லை. எதையோ நெம்புகிற மாதிரி இருந்தது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "மூடுடா அதை," என்றாள்.

*

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய படத்தை அப்படியே மறுபடி எடுக்க வேண்டும். அதே ரயில் முன்னால், பழைய பாணி உடுப்பில் குழந்தைகள், நடுவில் கரடி. புதுக் கரடி வேஷம் தைத்தாகிவிட்டது. அதைப் போட வேண்டிய ஆள்தான் காய்ச்சலில் படுத்துவிட்டான். மேனேஜர் நெட்டையனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி சரியான உயரம்!"

"ஒட்டகத்துக்குக் கரடி வேஷமா?" என்றார் அத்தான். "போட்டுக்கோ மச்சான். முகம் தெரியாது, படம் நல்லா வரும்."

பார்க்கின் தையல்கார அம்மா உடுப்பை மாட்டிவிட்டாள். நல்ல கனம். புதுத் துணி வாசனையும் பசை வாசனையும் அடித்தன. தலையைக் கவிழ்ப்பதற்கு முன் தொண்டைக்குழிக்கு நேராக இருந்த ஒட்டுப்பட்டையை 'பர்ர்ர்'ரென்று இழுத்துக் காட்டினாள்.

"பயப்படாதீங்க தம்பி. இத ஒரு இழு இழுத்தா தலை கையோட வந்துடும். குழந்தைகூடத் திறக்கும்."

"ஒண்ணு மட்டும்," என்றார் மேனேஜர். "உள்ள இருந்து பேசக் கூடாது. கரடி பேசினா பிள்ளைங்க மனசு உடைஞ்சிரும்."

தலை இறங்கியது. உலகம் கரடியின் வாய் அளவுக்குச் சுருங்கியது. வாயில் கறுப்பு வலை. வலைக்கு வெளியே ரயில், அத்தானின் கேமரா. ஒலிபெருக்கியில் பழைய வாத்திய இசை காதைப் பிளந்தது. அக்கா பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி குழந்தைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது.

முதல் படம் எடுத்தாகிவிட்டது. இரண்டாவதும் ஆனது. வியர்வை கண்ணில் இறங்கியது. பரவாயில்லை, பத்து நிமிட வேலை.

அப்போதுதான் வாசனை மாறியது.

புதுத் துணி வாசனை போய்விட்டது. ஊறிப்போன வியர்வை. சணல் சாக்கு. யாரோ தலைக்குத் தடவிய எண்ணெய்... நெட்டையன் எண்ணெய் வைப்பதில்லை.

பிறகு அந்தச் சத்தம்.

செருக்...

துணிக்குள் தடித்த நூலை இழுக்கிற சத்தம். பிடரியில் ஆரம்பித்தது.

செருக்... செருக்...

கழுத்தைச் சுற்றி நகர்ந்தது. ஒவ்வொரு 'செருக்'குக்கும் கழுத்தில் ஒரு சுருக். ஏதோ பூச்சி என்று நினைத்துத் தொண்டைக்குழியில் கை வைத்தான்.

ஒட்டுப்பட்டை இல்லை.

தடவினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பட்டை இல்லை. விரலில் தட்டியது சணல். குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கமாக, தலையும் உடம்பும் சேருகிற இடம் முழுக்கத் தையல்.

மூச்சு முட்டியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். கட்டைவிரல்களைத் தையலுக்குள் விட்டு நெம்பினான்.

கூட்டம் ஓவென்று ஆரவாரம் செய்தது. "டேய், கரடி தலையில கை வெச்சிடுச்சுடா!"

எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். குழந்தைகள், அப்பாக்கள், அம்மாக்கள், மேனேஜர். வலைக்கு வெளியே எங்கு பார்த்தாலும் தலையில் கை வைத்துச் சிரிக்கிற முகங்கள்.

"சூப்பர் மச்சான்! அப்படியே நில்லு!" கேமரா கிளிக் கிளிக்கென்றது.

கத்தினான். "அத்தான்! மூச்சு... அக்கா!"

"அம்மா, கரடி உறுமுது!" ஒரு பொடிசு குதித்தது. சிரிப்பு இன்னும் பெருகியது.

அப்போது புரிந்தது. அந்தப் பழைய படங்களில் கரடி எதை நெம்பிக்கொண்டிருந்தது என்று...

இரண்டு குழந்தைகள் ஓடி வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். சுற்றி ஆட வேண்டுமாம். உதற முயன்றான். கையில் பலமில்லை. விரல்கள் மரத்துவிட்டன.

கண் இருட்டியது.

இசை தூரமாகப் போனது. உள்ளே அவன் மூச்சு மட்டும் கேட்டது.

இல்லை.

அவன் மூச்சு மட்டும் இல்லை.

பிடரிக்குப் பின்னால் இன்னொரு மூச்சு. சூடாக. திணறித் திணறி.

ஒரு தலைக்குத்தான் உள்ளே இடம்.

அந்த மூச்சு மெதுவானது.

இன்னும் மெதுவானது...

நின்றது.

பர்ர்ர்ர்!

வெளிச்சம். காற்று. அக்காவின் முகம். கரடித் தலை அவள் கையில் இருந்தது.

*

பார்க்கின் முதலுதவி அறையில் படுத்திருந்தான். கழுத்தைச் சுற்றி, சீரான இடைவெளியில், சிவப்புப் புள்ளிகள். முதலுதவி பார்த்த நர்ஸ் 'வேர்க்குரு' என்று சொல்லிவிட்டு, இன்னொருமுறை உற்றுப் பார்த்து, புள்ளிகளை விரலால் எண்ண ஆரம்பித்தாள்.

"அந்தத் தையலை எப்படிக்கா பிரிச்ச?"

"எந்தத் தையல்? பட்டையை இழுத்தேன், வந்துடுச்சு."

"சணல் வெச்சு தெச்சிருந்துச்சு. சுத்திலும்."

கரடித் தலையை வாங்கிக்கொண்டு நின்ற தையல்கார அம்மாவின் கையிலிருந்து அது நழுவிக் கீழே விழுந்தது.

"சணலா தம்பி?" என்றாள். "உங்களுக்கு யார் சொன்னது?"

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்த தையல்காரர் ஒரேயொரு தடவை சொன்னாராம். பார்க் திறந்த முதல் வருடம். பிள்ளைகள் கரடியின் தலையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டார்கள். உள்ளே மனிதன் இருப்பது தெரிந்து சின்னதுகள் அழுதன. அதிலிருந்து தினமும் காலையில் தலையைக் கோணி ஊசியால் உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சாயங்காலம் தையலை வெட்டி விடுவார்கள். உள்ளே இருப்பவன் பேசக் கூடாது.

"விடுமுறை நாள், பயங்கரக் கூட்டம். அந்த ஆளு மூச்சு முட்டி, தலையில கை வெச்சு வெச்சுக் காட்டியிருக்காரு. ஜனங்க புது வித்தைன்னு நினைச்சு அவங்களும் கை வெச்சிட்டு போட்டோ எடுத்திருக்காங்க. அப்புறம் உட்கார்ந்துட்டாரு. உட்கார்ந்தவர் மடியில பிள்ளைங்களை உட்கார வெச்சும் எடுத்திருக்காங்க. சாயங்காலம் வெட்டிப் பார்த்தப்பதான்..."

அக்கா நெட்டையனின் கையை இறுகப் பிடித்தாள்.

"அந்த உடுப்பை அன்னிக்கே எரிச்சுட்டாங்க. சின்னத்தை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் இங்க கரடியே கிடையாது. நான் தெச்சதுதான் ரெண்டாவது கரடி."

"கரடியே கிடையாதா?" என்றாள் அக்கா. கையில் இன்னும் அந்தப் பழைய படம் இருந்தது. பின்னால் கன்று மரமாகியிருந்த படம். வெள்ளை ஓரத்தில் இருந்த வருடத்தை அவள் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

*

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குத் திரும்பினார்கள். வாசலில் நெட்டையன் கேட்டான்.

"உனக்கு எப்படிக்கா தெரிஞ்சது?"

"நீதானடா தலையில கை வெச்சே. கட்டைவிரலைக் காணோம். கையில இருந்த போட்டோவைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். ஓடி வந்தேன்."

"நான் கை வெச்சப்போ நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னியே."

"அது முதல்ல. அப்ப நான் பார்க்கல. நான் சொல்றது பாட்டு முடியறப்போ. ரெண்டு பிள்ளைங்க உன்கிட்ட நின்னுச்சே, அப்போ."

நெட்டையன் நின்றுவிட்டான்.

"அப்போ என் கை ரெண்டும் அந்தப் பிள்ளைங்க பிடியில இருந்துச்சுக்கா. நான் தூக்கவே இல்ல. தூக்க முடியல."

அத்தான் கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். கடைசிப் படத்தைத் திறந்தார்.

கரடியின் இடது கையை ஒரு குழந்தை பிடித்திருந்தது. வலது கையை இன்னொரு குழந்தை பிடித்திருந்தது. இரண்டும் துவண்டு தொங்கின.

தலைமேல் இரண்டு கை இருந்தன.

பழுப்பு ரோமம், ஒரு இடத்தில் திட்டு. நான்கு விரல்கள் கன்னத்தில். கட்டைவிரல்கள் தாடைக்குக் கீழே.

மறுநாள் காலையில் மேனேஜர் போன் செய்தார். படங்களை அவருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, உடம்பு தேவலையா? கடைசிப் படம் பிரமாதம்! அதைத்தான் வாசல்ல பெருசா வைக்கப்போறோம். ஆனா என்ன தம்பி, நாலு கை இருக்கு? ஒட்டுறப்போ ஏதோ தப்பாயிடுச்சு போல."

நெட்டையன் படத்தைத் திரையில் திறந்தான்.

"கீழ தொங்குது பாருங்க ரெண்டு, அதை அழிச்சிடுங்க," என்றார் மேனேஜர். "மேல இருக்கிறதுதான் எங்க கரடியோட கை."

போன் வைக்கப்பட்டது. திரையில் படம் திறந்தே இருந்தது. அழிக்கச் சொன்ன இரண்டு கையையும், தன் கையையே, நெட்டையன் மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டான்.