பீலியா, பீலாவா?

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பெட்ரூம் சுவரை உடைத்தோம். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. கலங்கல் இல்லாத, சில்லென்ற தண்ணீர். மேஸ்திரி ராசையா அதை உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தே காட்டினார்.

என் கண் மாடிக்குத்தான் போனது. ஏனென்றால் மாடி வீட்டுச் சரோஜாக்காவின் பாத்ரூம் தரையை அதற்கு முந்தின வாரம்தான் உடைத்துப் போட்டிருந்தோம். எல்லாம் என் பேச்சைக் கேட்டு.

குன்னூரில் ஒரு பழைய அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் குட்டியாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம் என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஹால், ஒரு பெட்ரூம், இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆள் வெளியே வரவேண்டிய கிச்சன். கோயம்புத்தூர் வெயிலுக்குப் பயந்து வாங்கியது.

ஒரு விஷயத்தை மட்டும் அப்போது உங்களிடம் மறைத்துவிட்டேன். வீட்டை விற்றவர் பெட்ரூமில் பெரிய பீரோ ஒன்று வைத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பீரோவை எடுத்துக்கொண்டு போனார். பின்னால் பார்த்தால்... தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓதம். முப்பது வருஷம் பேங்க்கில் கையெழுத்து சரிபார்த்தவள் நான். ஒரு சுழி குறைந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பீரோவை நகர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றோடு முடிவெடுத்தேன் — இனி இந்த மலையில் ஒருத்தரையும் நம்பக்கூடாது.

இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம். இரண்டு தடவையும் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. மெத்தையில் பூஞ்சை வாடை. என் வீட்டுக்காரருக்கு வீசிங் வந்துவிட்டது. "இப்படியே போனா மறுபடியும் கோயமுத்தூருக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார். இருந்த சேமிப்பெல்லாம் இந்தச் சுவருக்குள்தானே இருக்கிறது?

தண்ணீர் எங்கிருந்து வரும்? எங்கள் பெட்ரூம் சுவருக்கு நேர் மேலேதான் சரோஜாக்கா, அவர் கணவர் சண்முகம் அண்ணன் வீட்டு பாத்ரூம். அண்ணன் வெலிங்டனில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அதுவே எனக்குச் சந்தேகம். சுவரைக் காட்டிக் கேட்டேன். "மலைன்னா ஈரம் இருக்கத்தானுங்க செய்யும்" என்று சிரித்தார். குற்றமில்லாதவர் பேசுகிற பேச்சா இது?

"தண்ணி மேல இருந்து வந்தா, சுவர்ல மேல்பாதி ஏன் காஞ்சு கெடக்குது?" என்றார் வீட்டுக்காரர். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அப்புறம்தான் ராசையா வந்தார். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அறையை இன்னும் காம்பரா என்றுதான் சொல்வார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். உள்ளங்கையால் தட்டினார். "அம்மா, இது பாத்ரூம் தண்ணி இல்ல. இந்தக் காம்பராவுக்குப் பின்னுக்குப் பீலி இருக்கு."

என் காதில் விழுந்தது 'பீலா'.

"யாருகிட்ட பீலா விடுறீங்க?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயந்திரம் டீக்கடையில் அவரும் சண்முகம் அண்ணனும் ஒரே வர்க்கியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். போதாதா? இரண்டு பேரும் கூட்டு.

இதற்கு மேல் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஸ்வெட்டர் பாக்கெட்டில் சொட்டு நீலம் பாட்டிலைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். "எங்க பாத்ரூம்ல வேலை நடக்குதுங்க்கா, ஒரு நிமிஷம்..." என்று உள்ளே நுழைந்து பாதி பாட்டிலைத் தரையில் ஊற்றிவிட்டு வந்தேன். லீக் இருந்தால் நீலம் என் சுவரில் வந்தாக வேண்டும் அல்லவா? மூன்று நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட வரவில்லை. சரி, லீக் இல்லை என்றா நினைத்தேன்? உடனே கழுவிவிட்டிருக்கிறார்கள், விவரமானவர்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து, "மேல இருந்துதான் வருது, மறைக்கிறாங்க" என்றேன். சண்முகம் அண்ணன் கோபப்படவில்லை. சரோஜாக்காவை ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மா தலையாட்டினார். "உங்க சந்தேகம் தீரட்டுங்க. உடைச்சே பாத்துருவோம்" என்றார் அண்ணன்.

உடைத்தார்கள். அடியில் மண் புழுதியாக இருந்தது. பைப்பில் ஒரு வேர்வைகூட இல்லை.

தரை மறுபடி சரியாகும்வரை, முழங்கால் ஆபரேஷன் ஆன சரோஜாக்கா, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி என் வீட்டு பாத்ரூமுக்கு வந்து போனார். ஆறு நாள். ஒவ்வொரு தடவையும், "உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறனுங்க அம்மிணி" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

வேறு வழியில்லாமல்தான் ராசையாவைத் திரும்பக் கூப்பிட்டு என் சுவரை உடைக்கச் சம்மதித்தேன்.

"இதுதாம்மா பீலி" என்றார் ராசையா. மலையில் கசிகிற ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாய் வைத்து விழ விடுவார்களாம். தோட்டத்து ஜனம் குளிப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான். அதற்குப் பெயர் பீலி. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் மலையை வெட்டி, ஊற்றின் வாயிலேயே சுவரை வைத்துவிட்டார்கள். பாவம், அது எங்கேதான் போகும்? ராசையா ஒரு பைப்பைச் செருகி வெளியே ஓடைக்குத் திருப்பிவிட்டார். ஒரு மணி நேர வேலை.

'பீலின்னா என்னங்க?' என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனதில் சந்தேகம் உட்கார்ந்துவிட்டால் காதும் அது சொன்ன பேச்சைத்தான் கேட்கிறது. ராசையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ சொல்லுங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து மாடி. பதினாறு படி ஏறுவதற்குள் எனக்கே முழங்கால் வலித்தது.

"தப்பா நெனச்சுட்டேனுங்க்கா" என்றேன். சரோஜாக்கா உள்ளே போனார். திரும்பி வந்தவர் கையில் ஒரு புது சொட்டு நீலம் பாட்டில்.

"அன்னிக்கு ஊத்துனது பத்தலையாட்ட இருக்குதுங்க அம்மிணி. இதையும் வெச்சுக்கங்க."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். "தெரிஞ்சுமா தரையை உடைக்க விட்டீங்க? லீக் இல்லைன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

முப்பது வருஷத்தில் எத்தனையோ செக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னை ஒருத்தர் திருப்பி அனுப்பியது அன்றைக்குத்தான்.