இளஞ்சூட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு

மகள் பெரியபிள்ளையான அன்று, எங்கள் மலையூர் அம்பிட்டியவின் காலைக் குளிரில் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். சற்று நேரத்தில் அவள் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துப்போயின. "இது தோஷம். வெளிய மூச்சு விடாத," என்றார் என் அண்ணி.

நானும் பாதி நம்பினேன். ஆனாலும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இரத்தக் குழாயின் சுவரில் தசை உண்டாம். குளிர் பட்டால் சுருங்கச் சொல்லும் செய்தியை வாங்கும் ஏற்பிகள் அதில் இருக்கின்றனவாம். பூப்பெய்தும்போது சுரக்கும் ஹார்மோன் சிலருக்கு அந்த ஏற்பிகளைப் பெருக்கிவிடுமாம். "அதான் குழாய் அளவுக்கு மீறி இறுகுது. குளிர் படாமப் பாத்துக்குங்க," என்றார்.

எந்த ஹார்மோன் வந்ததற்காகச் சடங்கு வைக்க மண்டபம் பிடித்தோமோ, அதே ஹார்மோன்தான்!

சடங்கன்று அண்ணி குளிர்ந்த குடத்தோடு நின்றார். "சுடுதண்ணி ஊத்துனா அது சடங்கா? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி. எம்புள்ள கை வெளுக்க விடமாட்டேன். ஏன்னு கேட்டா மைக்லயே சொல்றேன்."

இளஞ்சூட்டு நீரை நானே முதலில் ஊற்றினேன். மகள் பத்து விரல்களையும் விரித்து அண்ணியிடம் காட்டினாள். எல்லாம் இளஞ்சிவப்பாகவே இருந்தன.

அன்றிலிருந்து தோஷம் என்ற சொல் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.