ஒரு சக்கரம் மேசையைத் தொடவில்லை

லிஃப்ட்டுக்காரருக்குப் பயம் புதிதில்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் ஆறு மாடிக் குழியின் விளிம்பில் நின்று கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்க்கிற வேலையில் பயமில்லாதவன் பென்ஷன் வரைக்கும் போனதில்லை. அது நல்ல பயம். இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் போல இறுக்கிப் பிடித்து, சாயங்காலம் ஆளை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும். இப்போது வந்திருந்தது வேறு ஜாதி. இது வீட்டுக்கும் கூடவே வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தோளுக்குப் பின்னால் நின்றது.

அது அவரைப் பிடித்தது ஓர் அலுவலகக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். லிஃப்ட்டின் கூண்டு ஐந்தாம் மாடியில் நின்றது. இவர் மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். டார்ச் இல்லை. பையைக் கீழேயே விட்டுவிட்டோமே என்று படியிறங்கிப் போனார். போனவர் காவல்காரரோடு வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசினார், தண்ணீர் குடித்தார், நிதானமாகத் திரும்பி ஏறினார். மேலே, கூட்டுகிற அம்மாள் திறந்த கதவுக்குக் குறுக்கே துடைப்பத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, கெணத்தத் தெறந்து போட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டீங்களா? அந்தக் கணக்கு செக்‌ஷன் பொண்ணு ஃபோனப் பாத்துக்கிட்டே வருது. நான் ஒரு கத்து கத்தலேன்னா இந்நேரம் அடியில கெடக்கும்."

"மறந்துட்டேம்மா," என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. கதவைப் பூட்டிவிட்டு மெஷின் அறைக்கு ஏறிப்போய், மோட்டார் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திறந்த குழிக்கு அவர் ஒருநாளும் முதுகு காட்டியதில்லை. தடுப்புப் பலகையை வைக்காமல் சாவியைத் தொட்டதே இல்லை. அன்று பலகை அவர் சாய்த்துவைத்த இடத்திலேயே, சுவரோரமாகச் சமர்த்தாக நின்றிருந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே இல்லை. அவள் முதியோர் விடுதியில் பராமரிப்பாளர். ஞாபகம் போனவர்களுக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, வழிமாறிப் போனால் கையைப் பிடித்துக் கூட்டிவருவது அவள் பிழைப்பு. இவருடைய சொந்த அண்ணனும் அப்படித்தான் போனார். கடைசி இரண்டு வருடம் இந்த வீட்டுப் பின்னறையில்தான் கிடந்தார். சோப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தம்பியைப் பார்த்து, "நீங்க யாரு, வாடகைக்கு வந்திருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். அவரைக் கழுவித் துடைத்தது அவள்தான். இவர் வாசலோடு நின்றுகொள்வார். அந்த நோய் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அதனால் இவருக்கு நன்றாகத் தெரியும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனைவி எதைக் கேட்டாலும் பரீட்சை வைக்கிறாள் என்று தோன்றியது.

"என்னங்க, இன்னைக்கு என்ன கெழமை?"

"வியாழன். தேதி பதினாலு." மாதத்தையும் வருடத்தையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் பால் பாக்கெட்டோடு திரும்பிப் பார்த்தாள். "பால் கெட்டிருக்குமோன்னு கெழமையக் கேட்டேன். உங்க ஜாதகத்தையா கேட்டேன்?"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பத்துப் பதினொரு நாளில் வரும் திங்கட்கிழமை ஒரு மருத்துவமனை லிஃப்ட்டின் பிரேக்கைக் கழற்றி, தேய்ந்த கட்டைகளை மாற்றி, திரும்ப மாட்ட வேண்டும். கட்டிலோடு நோயாளியை ஏற்றுகிற லிஃப்ட். எப்போதும் போல அவர் பெயரைத்தான் மேற்பார்வையாளர் போட்டிருந்தார். போகலாமா, கூடாதா? தலை சரியாக இருக்கிறதா, இல்லையா? வெளியில் யாரையும் கேட்க முடியாதபோது, தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மைக் கார்கள். அதிலும் பழைய அமெரிக்கக் கார்கள். படகு மாதிரி நீளமாக, பின்னால் மீன் துடுப்பு வைத்து, முன்னால் வெள்ளிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவை. நிஜக் காரில் ஒன்றிலும் அவர் ஏறியதில்லை. ரோட்டில் பார்த்ததும் இல்லை. "ஒரு கார் வாங்க வக்கில்ல, அலமாரி நெறைய கார் நிக்குது. தூசி தட்டறது மட்டும் நான்," என்பாள் மனைவி.

அந்தப் பைத்தியத்துக்குள்ளும் ஒரு தனிப் பைத்தியம்: கோளாறான பெட்டிகளைத்தான் தேடித் தேடி வாங்குவார். பல வருடங்களுக்கு முன், அச்சு தேய்ந்த பிறகும் விடாமல் வார்த்துத் தள்ளிய சரக்கு. ஓரமெல்லாம் பிசிறு. தடித்த இடத்தில் குழி. கதவுக் கோடு பாதியில் மறைந்துபோயிருக்கும். டயர் பெட்டிக்குள் முன்கண்ணாடியை உரசிக் கிடந்து, பட்ட இடத்தை உருக்கித் தின்றிருக்கும். "நல்ல பெட்டிய யார் வேணா ஒட்டலாம். அதுக்கு நான் எதுக்கு?" என்பார். எந்தத் துண்டையும் பசை போடாமல் முதலில் பொருத்திப் பார்ப்பார். கோளாறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் பசைக்குப்பியைத் திறப்பார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இதுவரை தொடாத ஒரு பெட்டியை எடுத்தார். துடுப்பு வைத்த கார். மேலட்டையில் சிவப்பாகச் சிரித்தது. உள்ளே இருந்தது அழுக்கு வெள்ளையில் கோணல்மாணலான துண்டுகள். இதை நேராக நிறுத்திவிட்டால் தலைக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமை போகலாம். நிறுத்த முடியாவிட்டால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தார். கைக்கு ஒரு குறையும் இல்லை. பிசிறைச் சீவியது, குழியை நிரப்பித் தேய்த்தது, எல்லாம் சுத்தம். ஆனால் அடிச்சட்டத்தில் சக்கரங்களைச் செருகி மேசைமேல் வைத்தால், மூன்று சக்கரம் நின்றது, நான்காவது தூக்கிக்கொண்டது. அச்சாணித் துளையை அரம் போட்டுப் பெரிதாக்கினார். அந்தச் சக்கரம் இறங்கியது, எதிர்மூலைச் சக்கரம் ஏறியது. அதைச் சரி செய்தால் இது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் டக்கென்று தூக்கியது.

"என்னங்க அது, மரங்கொத்தி வளக்கிறீங்களா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

எங்கே தப்பு என்று யோசிக்க யோசிக்க, எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது என்பதே நழுவியது. முதலில் ஒன்று செய்வோமே, எதையோ முதலில் செய்வோமே என்று நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது. மேசையில் கிடந்த கனத்த கண்ணாடித் துண்டின்மேல் டீத் தம்ளரை வைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பொறுமை செத்துப்போய், ஆடுகிற காரை அப்படியே பசை போட்டு ஒட்டினார். ஒட்டிய பிறகும் ஆடியது.

சனிக்கிழமை அதைச் செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் போனார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பழைய சிநேகிதர். அவருக்கும் இதே பைத்தியம், கொஞ்சம் குறைவாக.

"வாய்யா லிஃப்ட்டு! ஏறவா, எறங்கவா? கண்ணு மங்குதா, புத்தி மங்குதா?"

லிஃப்ட்டுக்காரர் காரை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அது டக், டக் என்று ஆடியது. கண்ணாடிக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அட, இந்தச் சனியனா! இது பொறவிலயே நொண்டிய்யா. அச்சுலயே கோளாறு. அடிச்சட்டம் முறுக்கிக்கிட்டுத்தான் வரும். எந்தப் பெட்டியத் தெறந்தாலும் இதே கதைதான்."

நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. லிஃப்ட்டுக்காரர் முழு மூச்சு விட்டார். "அப்ப கோளாறு எங்கிட்ட இல்ல?"

"உங்கிட்ட எப்படிய்யா இருக்கும்? ஒட்டறதுக்கு முன்னாடி சட்டத்தக் கண்ணாடித் துண்டு மேல படுக்கப் போட்டுப் பாக்கணும். எந்த மூலை தூக்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். கொதிச்ச தண்ணியில முக்கி, கண்ணாடியோட சேத்து அமுக்கி, அப்படியே குழாயடியில காட்டணும். ரெண்டு தடவ செஞ்சா நேராயிடும்."

"இதெல்லாம் உனக்கு யாருய்யா சொன்னது?"

கண்ணாடிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "வெளையாடுறியா? நீதான சொன்ன."

"நானா?"

"ரெண்டு பெட்டி வாங்கின. ஒன்ன ஒட்டி, போன வருஷம் நான் இந்தக் கடைக்கு மாறினப்ப எனக்குக் குடுத்த. பின்னாடி ரூம்ல நின்னு கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு, எங்கிட்ட கெடந்த வேற காரு சட்டத்த நிமித்தியும் காட்டின. கைய வேற சுட்டுக்கிட்ட." திரும்பி, மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவில் நின்ற சிவப்புக் காரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நாலு சக்கரமும் தரையில். துடுப்பு கத்தி மாதிரி. கவிழ்த்துப் பார்த்தார். தான் செய்கிற எல்லாக் காரிலும் அடியில் ஊசியால் கீறுகிற சின்ன அம்புக்குறி இதிலும் இருந்தது. அவர் கைதான். சந்தேகமே இல்லை. மனசுக்குள் அந்த நாளைத் தேடிப் போனார். கதவு திறந்தது, உள்ளே எட்டிப் பார்த்தார். எந்த மாடியிலும் கூண்டு இல்லை. கீழே வெறும் இருட்டு.

"எத்தன கார் ஒட்டற, எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றார் கண்ணாடிக்காரர் தாழ்ந்த குரலில். சிநேகிதன் சொல்லும் சமாதானம் இரவல் சட்டை. போட்டுக்கொள்ளலாம், தோளில் உட்காராது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்காரர் வெளியே வந்தார். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் செருப்புப் பெட்டியை அங்கேயே விட்டுவந்தது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை.

வீட்டில் மனைவி மாலை வேலைக்குக் கிளம்பச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குழிக் கதவு, அந்தக் கணக்குப் பெண், கார், கெட்டில். அவள் ஐயோ என்றும் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. மடித்ததை மடித்து முடித்தாள்.

"ஒரு மாசமா எம் மூஞ்சியப் பாக்காம பேசுறீங்க. நான் வேற என்னமோன்னு நெனச்சேன்."

"வேற என்ன?"

"இந்த வயசுல என்னவா இருக்கும்? ஒன்னு கடன், இல்ல காதல்." பையை எடுத்தாள். "ராத்திரி தூங்குறீங்களா?"

"பொணம் மாதிரி தூங்கறேன். அரிப்புக்கு ஒரு மாத்திரை போடறேன்ல."

அவள் கை நின்றது. "எந்த மாத்திரை?"

பெயின்ட் கரைக்கிற திரவம் பட்டு முழங்கை வரை தடிப்பு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. சில மாதங்களாக, ராத்திரிக்கு ஒன்று, சில நாள் இரண்டு. அட்டையை எடுத்து நீட்டினார். அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள்.

"இது தூக்க மயக்கம் குடுக்கிற மாத்திரை. உங்க வயசுக்காரங்க தலைய மந்தமாக்கிடும். எங்க விடுதியில ஒரு பெரியவர் இதத் தின்னுட்டு, செத்துப்போன மாமியாரோட சண்ட போட்டுக்கிட்டிருந்தாரு. நிறுத்தினதும் சண்ட ஓஞ்சுது."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப இதனாலதானா? அண்ணனுக்கு வந்தது இல்லயா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இதுவா இருக்கலாம். அதுவா இருக்கலாம். ரெண்டுமாவும் இருக்கலாம். டாக்டர் பாக்கட்டும், ரத்தம் பாக்கட்டும். இன்னைக்கு ராத்திரி அரிச்சா ஈரத்துணி போட்டுக்குங்க."

"அதுதான்னா?"

"அதுதான்னா அதுதான். உங்க அண்ணனக் கழுவின கை. உங்களக் கழுவ மாட்டேனா?" அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். "ஆனா, குழியில ஒருத்தர் விழுந்துட்டா, அதக் கழுவ என்னால முடியாது. ஃபோன எடுங்க."

"திங்கக்கெழமை காலையில சொல்லிக்கலாமே..."

"திங்கக்கெழமைன்னா பிரேக்கோட நிப்பீங்க. இப்ப எடுங்க."

இதுதான் அவர் இத்தனை நாளாகப் பயந்த இடம். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாளைக்கே எல்லாம் சரியாகிவிட்டாலும், 'அந்த மறதி ஆசாமி' என்ற பெயர் சரியாகாது. பேசாமல் போனால்? கை நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது அந்தக் கணக்குப் பெண் ஃபோனைப் பார்த்துக்கொண்டே அவர் தலைக்குள் நடந்து வந்தாள்.

எண்ணை அழுத்தினார். மேற்பார்வையாளர் இவரைவிட இளையவர். இவரிடம் வேலை பழகியவர். "சொல்லுங்கண்ணே, சனிக்கெழமை கூப்பிட்டா சம்பளம் கூடாது," என்று சிரித்தார்.

"திங்கக்கெழமை பிரேக்க நான் தொட மாட்டேன்ப்பா."

"ஏன், உடம்பு சரியில்லயா?"

லிஃப்ட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நகரவில்லை.

"மறதியா இருக்கு. மூணாம் மாடிக் கதவத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டேன். பலகை வைக்கல. ஒரு பொண்ணு விழுந்திருக்கும்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "எங்கிட்ட ஏண்ணே முன்னாடியே சொல்லல?" என்ற குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

"சாவியத் திங்கக்கெழமை ஆபீஸ்ல குடுத்துடுங்க. டாக்டர் எழுதிக் குடுக்கிற வரைக்கும் குழி பக்கம் வர வேண்டாம். வேற ஆள நான் பாத்துக்கறேன்."

"திருப்பிக் குடுப்பியாப்பா?"

"டாக்டர் சொல்லட்டும்ணே," என்று மேற்பார்வையாளர் வைத்துவிட்டார்.

மனைவி உள்ளே வந்து, மாத்திரை அட்டையை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "டாக்டருக்குக் காட்ட வேணும்," என்றாள். "கதவத் தாப்பாப் போட்டுக்குங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்."

அவள் படியிறங்கிப் போனாள். அவர் தாழ்ப்பாளைப் போட்டார். நாலு அடி நடந்து, நின்று, திரும்பிப்போய் இழுத்துப் பார்த்தார். போட்டிருந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் அங்கேயே நின்றார்.