உதயகுமார் மெஷினை ஓட்ட மறுத்த காலை

உதயகுமார் போய்விட்டார். இன்று காலை, பதுளை ஆஸ்பத்திரியில்... மாரடைப்பு.

பதினோரு வருடம் எங்கள் ஆய்வுகூடத்தில் டெக்னீஷியன். தண்ணீரிலும் தேயிலையிலும் பூச்சிமருந்து, களைமருந்து கலந்திருக்கிறதா என்று காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அவர் பொறுப்பு.

வந்ததும் முதலில் பார்ப்பது மெஷினுக்கு வாயு கொடுக்கும் ஹீலியம் சிலிண்டரின் மீட்டரை. முள் நிற்கும் இடத்தில், கண்ணாடி மேல் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத்தான் முந்திய நாள் வீட்டுக்குப் போயிருப்பார். முள் இறங்க வேண்டியதற்கு மேல் இறங்கியிருந்தால், காரணம் தெரியும்வரை யாரோடும் பேச்சில்லை.

"இது பசார்ல கெடைக்கிற சமையல் கேஸ் இல்லீங்க மிஸ். பாதியில முடிஞ்சா கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்."

அடுத்தது வெக்யூம், மெஷினுக்குள் காற்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் எண். அந்த எண்ணை எழுதி வைத்த பிறகே தேநீர். காலைப் பூசை முடிந்ததா என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன். மணி ஒன்றுதான் குறைகிறது, வாங்கித் தாருங்கள் என்றார்.

பிறகு அந்தக் காலை...

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் களைக்கு அடிக்கும் மருந்துப் பீப்பாய் ஓடையில் கவிழ்ந்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான். மூன்று நாளாகக் குழாயை மூடி வைத்திருந்தார்கள். நாங்கள் 'நல்ல தண்ணீர்' என்று சொன்னால் அன்றே திறப்பார்கள். உதயகுமாரின் அக்கா குடும்பமும் அந்த லயத்தில்.

வெக்யூம் எண் வழமையான அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் அனுமதித்த எல்லைக்குள்தான். தோட்டத்தை நடத்தும் துரை இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். ஓட்டுங்கள் என்றேன்.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்குங்க மிஸ். ஆனா நேத்து இருந்த எடத்துல இல்லையே."

ஓட்டவில்லை.

காற்று உள்ளே போனால் மெஷினுக்குப் பாதிக் கண் தெரியாது. மருந்து கொஞ்சமாக இருந்தால் 'இல்லை' என்றே காட்டும். எனக்குத் தெரியாத விஷயமல்ல.

அவர் தேடிக் கண்ட ஒழுக்கு, மெஷினுக்குள் நுண்குழாய் சேரும் இடத்து நட்டில். முந்திய நாள் குழாயை மாற்றிப் பூட்டியது நான். ஒருமுறை சூடேறி ஆறியதும் அந்த நட் தளரும், திரும்ப இறுக்க வேண்டும்... மறந்துவிட்டேன்.

அவர் மெஷின் ஆறும்வரை பொறுத்திருந்து, இறுக்கி, எண் பழைய இடத்துக்கு வரும்வரை சாப்பிடப் போகாமல் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு ரிசல்ட். மருந்து இருந்தது, கொஞ்சமாக. காலையில் ஓட்டியிருந்தால் நிச்சயம் தவறவிட்டிருப்போம்.

நான் துரைக்குச் சொன்ன பிறகு, உதயகுமார் வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தார். பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு இன்னும் எத்தனை நாள் வரிசையில் நிற்பது என்று அக்கா திட்டுவது எனக்கே கேட்டது.

"திட்டுக்கா, பரவால்ல. புள்ளைகளுக்கு அந்தத் தண்ணிய மட்டும் குடுத்துறாத."

நட்டை மறந்தது யார் என்று அவர் அக்காவிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

நாளை பகல் மடுல்சீமையில் அடக்கம். காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

நல்லபடியாகப் போங்கள், உதயகுமார்.